கயிறு, ரப்பர், எஃகு: பழைய ஸ்னோபோர்டுகளைப் படிக்கும் முறை

ஸ்னோபோர்டு என்பது நின்றபடி பனியில் சறுக்கும் ஒற்றைப் பலகை. பழைய ஸ்னோபோர்டு ஒன்று கைக்கு வந்தால் அதன் படத்தையும் பெயரையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் துளைகளை எண்ணுங்கள். நுனியில் கயிறு கோக்க ஒரு துளை இருக்கிறதா? கால் வைக்கும் இடத்தில் திருகாணித் துளைகள் எத்தனை, அவற்றில் பின்னால் யாரோ போட்டவை எத்தனை? வால் பக்கம் அடியில் துடுப்பு பொருத்தியிருந்த தடம் தெரிகிறதா? 1965 முதல் 1987 வரை இந்தப் பலகைகளைச் செய்தவர்கள் எல்லோரும் இரண்டே கேள்விகளோடுதான் மல்லுக்கட்டினார்கள். காலைப் பலகையோடு எப்படிப் பிடித்து வைப்பது? பலகையைப் பனியோடு எப்படிப் பிடித்து வைப்பது? ஒவ்வொரு துளையும் இந்த இரண்டில் ஒன்றுக்கு யாரோ ஒருவர் சொல்லிப் பார்த்த பதில்.

நுனித் துளை மட்டுமே உள்ள பலகை என்றால் அது பெரும்பாலும் ஸ்னர்ஃபர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஏரிக்கரை ஊரான மஸ்கீகனில், 1965 கிறிஸ்துமஸ் அன்று ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தம் மகள்களுக்காக, காலுக்கு ஒன்றாகக் கட்டிப் பனியில் சறுக்கும் ஸ்கீகள் இரண்டை அருகருகே வைத்துக் குறுக்குச் சட்டம் அடித்துக் கொடுத்தார். பெண்கள் அதன்மேல் நின்றபடியே மேட்டிலிருந்து சறுக்கி வந்தார்கள். ஸ்னோ, சர்ஃப் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து ஸ்னர்ஃபர் என்று பெயர் வைத்தவர் அவருடைய மனைவி நான்சி. அடுத்த ஆண்டே பிரன்ஸ்விக் நிறுவனம் உரிமம் பெற்று அதைத் தயாரித்தது. 1968இல் பாப்பனுக்குக் காப்புரிமை கிடைத்தது. எழுபதுகளில் ஜெம் நிறுவனம் தொடர்ந்து செய்தது. விளையாட்டுப் பொருள் கடைகளில் லட்சக்கணக்கில் விற்ற பலகை இது. அதனால் இன்றும் பரணிலிருந்து இறங்கும் பழைய பலகைகளில் ஸ்னர்ஃபரைத்தான் அடிக்கடி பார்க்க முடிகிறது.

ஸ்னர்ஃபரை நன்றாகப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ நாலடி நீளம், ஒரு சாண் அகலம். மெல்லிய மரத்தாள்களை ஒட்டி நுனியை மேலே வளைத்திருப்பார்கள். காலைப் பிடிக்கப் பட்டையோ வாரோ கிடையாது. கால் வழுக்காமல் இருக்க மேற்பரப்பில் இரும்புத் தைப்பூசிகளை (ஸ்டேப்பிள்களை) வரிசையாக அடித்திருப்பார்கள். தைப்பூசியின் முதுகு லேசாக மேலே நிற்கும். அதுதான் பூட்சுக்குப் பிடி. நுனியில் கட்டிய கயிறு இரண்டு வேலை செய்தது. ஏறியவர் விழுந்தால் பலகை தனியாக ஓடிவிடாது. அதைவிட முக்கியமானது, கயிற்றை இழுத்துப் பிடித்துப் பின்காலில் எடையைப் போட்டால் நுனி பனிக்குள் புதையாமல் மேலே நிற்கும். மென்பனியில் இது அழகாக வேலை செய்யும். பனி இறுகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பலகையை ஒரு பக்கமாகச் சாய்க்கவேண்டும் என்றால் எதிர்ப்பக்கத்தைத் தூக்க வேண்டும். மேலே சும்மா வைத்த காலால் அழுத்தத்தான் முடியும், தூக்க முடியாது. ஸ்னர்ஃபரின் எல்லை இங்கேதான். அதன்பின் வந்த இருபது ஆண்டு வேலையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கயிறு பிடித்துப் பலகைமேல் நிற்பது பாப்பனோடு தொடங்கியதல்ல. துருக்கியின் ரிசே மாகாணத்து மலைக் கிராமங்களில் தட்டையான பலகையின் நுனியில் கயிறும், திசை திருப்பக் கையில் ஒரு கோலுமாக மக்கள் தலைமுறைகளாகச் சறுக்கி வந்திருக்கிறார்கள். அமெரிக்காவிலேயே 1939இல் வெர்ன் விக்லண்டும் அவருடைய கூட்டாளிகளும் இப்படி ஒரு பலகைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். யார் முதல் என்ற சண்டையில் எனக்கு ஈடுபாடு இல்லை. மலையும் பனியும் மரமும் உள்ள இடத்தில் யாருக்கும் வரக்கூடிய யோசனை இது. அதை ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கைக்குக் கொண்டு சேர்த்தவர் பாப்பன். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னால் வரப்போகும் ஜேக் பர்ட்டன்.

அதற்கு முன்னால் டாம் சிம்ஸ். நியூஜெர்சியின் ஹாடன்ஃபீல்டில் எட்டாம் வகுப்பு படித்தபோது, 1963இல், பள்ளித் தச்சு வகுப்பில் ஒரு பலகை செய்தார். குளிர்காலத்தில் ஸ்கேட்போர்டு ஓட்ட முடியவில்லை என்ற ஏக்கம்தான் காரணம். மேலே காலுக்குப் பிடிமானமாகக் கம்பளத் துண்டு, அடியில் வழுக்கி ஓட அலுமினியத் தகடு. இந்தச் சிறுவன் இரண்டு கேள்விகளையும் பிரித்தே யோசித்திருக்கிறான் என்பது எனக்கு வியப்பு. மேற்பரப்பு காலுக்கு, கீழ்ப்பரப்பு பனிக்கு. இரண்டுக்கும் வேறு வேறு பொருள். எழுபதுகளின் நடுவில் அவர் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஸ்கேட்போர்டு தொழில் நடத்திக்கொண்டே சக் பார்ஃபுட்டோடு சேர்ந்து ஸ்னோபோர்டுகளும் செய்தார். அந்தக் காலத்துச் சிம்ஸ் பலகைகளில் பாப் வெபர் வடிவமைத்த ‘மஞ்சள் வாழைப்பழம்’ தனி ரகம். கீழே பாலிஎதிலீனில் வார்த்த மஞ்சள் தோணி, அதன் மேல் ஸ்கேட்போர்டின் மரத்தட்டை போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் கால் பனியிலிருந்து உயரத்தில் நிற்கிறது. வார்த்த பிளாஸ்டிக்கின் ஓரம் உருண்டு இருக்கிறது. இறுகிய சரிவில் கடிக்க எதுவும் இல்லை. மென்பனிக்கான பலகை அது.

மென்பனியை மட்டுமே மனத்தில் வைத்து, அதில் கடைசிவரை போய்ப் பார்த்தவர் டிமிட்ரியே மிலோவிச். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வாசாட்ச் மலைகளில் விழும் பனி உலர்ந்தது, லேசானது, ஆழமானது. இடுப்பளவு பனியில் விளிம்புக்கு வேலையே இல்லை, மிதப்புதான் வேண்டும். கடலலையில் சறுக்கும் அலைப்பலகை செய்யும் கலையை அவர் அப்படியே பனிக்குக் கொண்டுவந்தார்: நுரை அகம், அதைச் சுற்றிக் கண்ணாடியிழை, அடியில் பாலிஎதிலீன். ‘விண்டர்ஸ்டிக்’ என்ற பெயரில் வந்த அந்தப் பலகைகளின் அடையாளம் தைலான் குருவியின் வால்போல ஆழமாகப் பிளந்த வால். அந்தப் பிளவு அலங்காரம் இல்லை. பலகையின் பரப்பைப் பின்பக்கம் குறைத்தால் வால் பனியில் அமிழும். வால் அமிழ்ந்தால் நுனி தானாக எழும். ஸ்னர்ஃபரில் கயிறும் பின்காலும் செய்த வேலையை விண்டர்ஸ்டிக்கில் வடிவமே செய்தது. பிளவின் இரு பக்கமும் தனித்தனியே வளைவதால், திரும்பும்போது உட்புற முனை மட்டும் அழுந்தி வழி காட்டும். இன்று ஆழ்பனிக்கென்று விற்கும் பலகைகளில் பல இந்த வாலைத்தான் வைத்திருக்கின்றன. வியாபாரத்தில் விண்டர்ஸ்டிக் பல முறை நின்று நின்று எழுந்தது. வடிவம் மட்டும் தோற்கவே இல்லை.

நுரை அகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு, அதைச் சேகரிப்பாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடிப்பரப்பிலோ ஓரத்திலோ மயிரிழை விரிசல் விழுந்தால் பனிநீர் உள்ளே போகும். இரவில் உறையும்போது நீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். நுரைக்கும் கண்ணாடியிழைக்கும் இடையிலான ஒட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடும். வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும் பலகை உள்ளே கழன்றிருக்கும். ஒரு காசை எடுத்துப் பலகை முழுக்கத் தட்டிப் பாருங்கள். ஒட்டு நன்றாக உள்ள இடத்தில் சத்தம் கூர்மையாக வரும். கழன்ற இடத்தில் மண்பானையைத் தட்டியதுபோல் பொத்தென்று கேட்கும். அந்த எல்லையைப் பலகைமேல் எழுதாமல் ஒட்டுத்தாள் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜேக் பர்ட்டன் கார்பென்டர் 1977இல் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலமான வெர்மான்டின் லண்டன்டெரிக்கு வந்து பட்டறை போட்டபோது வயது 23. பதினான்கு வயதில் கிடைத்த ஸ்னர்ஃபர் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. அவர் நூறு மாதிரிகள் அளவுக்குச் செய்து பார்த்ததாகச் சொல்வார்கள். நுரையும் கண்ணாடியிழையும் முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் ஒட்டி அழுத்திய கடின மரத்துக்கே திரும்பினார். இந்த முடிவை நான் மதிக்கிறேன். கிழக்குக் கரையின் பனி யூட்டாவின் பனி அல்ல. உருகி உறைந்து, மறுபடி உருகி உறைந்து கல்லாகும் பனி. மர அடுக்குப் பலகை அடி தாங்கும், வளைத்த வளைவை விடாது, ஓரத்தை இழைத்துச் சரிசெய்யலாம். அவருடைய ‘பேக்ஹில்’ 88 டாலருக்கு விற்றது. நுனியில் கயிறு இருந்தது. அதோடு ஸ்னர்ஃபரில் இல்லாத ஒன்றும் இருந்தது: காலைப் பிடிக்கும் ரப்பர் பட்டை, நீர்ச்சறுக்கிலிருந்து எடுத்த யோசனை.

கயிற்றிலிருந்து கால்பட்டைக்கு வந்த இந்த இடத்தைத்தான் ஸ்னோபோர்டின் பிறப்பு என்று நான் சொல்வேன். கால் பலகையோடு கட்டுண்டதும் அது நெம்புகோல் ஆகிறது. பாதத்தின் முன்பகுதியை அழுத்திக் குதிகாலைத் தூக்கினால் பட்டை பலகையின் பின் ஓரத்தையும் சேர்த்துத் தூக்கும். முன் ஓரம் பனியைக் கடிக்கும். 1979இல் மிச்சிகனின் பாண்டோவில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்கு ஜேக் இந்தப் பலகையோடு வந்தார். கால்கட்டு உள்ள பலகையை ஸ்னர்ஃபரோடு ஓடவிடக்கூடாது என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அது வேறு கருவிதான். கடைசியில் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தி அவரை ஓடவிட்டார்கள். அதில் அவர் வென்றார்.

அடுத்த கேள்வி பனியைப் பற்றியது. 1982இல் வெர்மான்டின் வுட்ஸ்டாக்கில், சூசைட் சிக்ஸ் மலையில், பால் கிரேவ்ஸ் தேசியப் போட்டி ஒன்றை நடத்தினார். கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தவர்கள் ஒரே சரிவில் சந்தித்தார்கள். கீழிறங்கு ஓட்டத்தில் டாம் சிம்ஸ் வென்றார். செங்குத்தான, இறுகிய சரிவு. எஃகு விளிம்பு இல்லாத மரப்பலகைகள். மணிக்கு 60 மைல் வேகத்தை ஒட்டி வந்தவர்களுக்குக் கீழே நிற்பதுதான் பெரும்பாடு. அன்றைய பலகைகளில் பலவற்றின் அடியில், வால் பக்கம், அலைப்பலகையில் உள்ளதுபோல் சிறு உலோகத் துடுப்புகள் இருந்தன. நேராக ஓடவும் பின்பக்கம் வழுக்காமல் இருக்கவும் வைத்தது. மென்பனியில் துடுப்பு உள்ளே அமிழ்ந்து வழி காட்டும். இறுகிய பனியிலோ துடுப்பு உள்ளே போகாது, பலகையின் வால் அதன் நுனியில் ஏறி நிற்கும்; விளிம்பு பனியைத் தொடவே தொடாது. பக்கவாட்டில் வழுக்கி வேகத்தைக் குறைக்கவும் விடாது. ஓட்டியவர்கள் ஒவ்வொருவராகத் துடுப்பைக் கழற்றி எறிந்தார்கள். அதனால்தான் எண்பதுகளின் முற்பகுதிப் பலகைகளில் துடுப்பு இல்லாமல் துளை மட்டும் இருப்பது சாதாரணம். அதைக் குறை என்று நினைத்துப் புதுத் துடுப்பு வாங்கிப் பூட்டாதீர்கள். கழற்றிய ஓட்டக்காரர் விட்டுச்சென்ற சான்று அந்த வெற்றுத் துளை.

சரியான பதில் ஸ்கீ தொழிற்சாலைகளில் ஏற்கெனவே இருந்தது: ஓரத்தில் எஃகு, அடியில் பாலிஎதிலீன், உள்ளே மர அகம், மேலும் கீழும் கண்ணாடியிழை. 1985 வாக்கில் சிம்ஸ், பர்ட்டன் இரண்டு நிறுவனங்களும் இந்த வழிக்கு வந்தன. ஜேக் ஆஸ்திரியாவுக்குப் போய் ஸ்கீ செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தம் பலகைகளைச் செய்யவைத்தார். அன்றோடு பட்டறைக் காலம் முடியத் தொடங்கியது என்று சொல்லலாம்.

காலின் பக்கமும் ஒரு குறை மிச்சம் இருந்தது. ரப்பர் பட்டையிலும் பனிக்கால மென்பூட்சிலும் முன் ஓரத்தைச் சாய்ப்பது எளிது, கெண்டைக்கால் சதை பலமானது. குதிகால் பக்க ஓரத்தைச் சாய்க்க விரல்களை மேலே இழுக்க வேண்டும். அதற்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் உள்ள மெல்லிய தசைதான் துணை. பத்துத் திருப்பத்தில் அது சோர்ந்துவிடும். குதிகாலுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஒரு தகட்டை வைத்தால், கெண்டைக்காலை அதில் சாய்த்தாலே போதும், உடம்பின் எடை பலகையின் முன் ஓரத்தைத் தூக்கிவிடும். இந்த முதுகுத் தகட்டை 1983 அளவில் கொண்டுவந்தவராக ஜெஃப் கிரெல்லைச் சொல்கிறார்கள். கைப்பிடி அளவுப் பிளாஸ்டிக் துண்டுதான். ஆனால் இறுகிய பனியில் ஸ்னோபோர்டு இரு பக்கமும் சமமாகத் திரும்பியது அதன் பின்புதான். பனிச்சறுக்கு மையங்கள் இந்தப் பலகைக்குக் கதவைத் திறக்கத் தொடங்கியதும் அதே சமயத்தில். வெர்மான்டின் ஸ்ட்ராட்டன் 1983இல் அனுமதித்தது. ஓட்டுபவர் கட்டுப்பாட்டோடு திரும்பி நிற்கத் தெரிந்தவரா என்று சோதித்த பிறகே மலைமேல் கொண்டுசெல்லும் லிஃப்டில் ஏற்றினார்கள். யூட்டாவின் ஆல்ட்டா, டீர் வேலி, வெர்மான்டின் மேட் ரிவர் கிளென் ஆகிய மூன்றும் இன்னும் அனுமதிப்பதில்லை. விண்டர்ஸ்டிக் பிறந்த மலைத்தொடரிலேயே இரண்டு மையங்கள் மறுப்பது எனக்கு வருத்தம்தான்.

பலகையின் உருவத்தை மாற்றிய இன்னொரு கூட்டம் கலிஃபோர்னியாவின் தாஹோ சிட்டி இளைஞர்கள். ஊர்க் குப்பைக் கிடங்கின் அருகே இருந்த பள்ளம் ஒன்றை 1979இல் கண்டுபிடித்து, அதன் சரிவுகளில் ஸ்கேட்போர்டுபோல் ஏறி இறங்கினார்கள். அவர்களில் டெர்ரி கிட்வெல் முக்கியமானவர். பள்ளத்தின் சுவரில் ஏறினால் சில நேரம் பின்பக்கமாக இறங்க நேரும். கூரான வாலும் பிளந்த வாலும் அப்போது பனியில் குத்திக்கொள்ளும். அவர் பெயரில் சிம்ஸ் வெளியிட்ட பலகைக்கு வட்டமாக மேலே வளைந்த வால் வந்தது இதனால்தான். சில ஆண்டுகளில் சக் பார்ஃபுட்டின் நிறுவனம், நீல் டாஃபர்னின் வடிவமைப்பில், நுனியும் வாலும் ஒன்றுபோல் இருக்கும் பலகையைச் செய்தது. முன் எது பின் எது என்ற வேறுபாடே போயிற்று.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், மைக் ஓல்சன் வேறு வழியில் யோசித்தார். அவருடைய ‘க்னூ’ நிறுவனப் பலகைகளின் பெருமை இடுப்பு ஒடுக்கம். பலகையின் நடு, நுனியையும் வாலையும்விடக் குறுகியிருந்தால் ஓரம் ஒரு வட்டத்தின் வில்லாகும். பலகையைச் சாய்த்து அழுத்தினால் அந்த வில்லின் வழியே அது தானாகத் திரும்பும். இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஓரத்தின் நீளத்தை அதனாலேயே பெருக்கி, ஒடுக்கத்தின் ஆழத்தைப்போல எட்டு மடங்கால் வகுத்தால் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். ஓரம் 120 செ.மீ., ஒடுக்கம் அரை செ.மீ. என்றால் ஆரம் 36 மீட்டர். குறுகிய சரிவில் அது திரும்பவே திரும்பாது, காலால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். ஒடுக்கத்தை 2 செ.மீ. ஆக்கினால் ஆரம் 9 மீட்டர். பலகையை 60 பாகை சாய்த்தால் திருப்பம் அதிலும் பாதியாகச் சுருங்கும். பழைய பலகை கைக்கு வந்தால் நேரான அளவுகோலை ஓரத்தில் நுனி அகலத்துக்கும் வால் அகலத்துக்கும் இடையே வைத்து, நடுவில் உள்ள இடைவெளியை அளந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்தப் பலகை எந்தப் பனிக்குச் செய்தது என்று உடனே தெரிந்துவிடும்.

இப்போது பராமரிப்பு. இங்கேதான் நல்ல பலகைகள் பாழாகின்றன, பெரும்பாலும் அன்பினாலேயே பாழாகின்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது வார்னிஷ் அடித்த பேக்ஹில்லை ஒரு தச்சு வேலையாகப் பாராட்டலாம். வரலாற்றுப் பொருளாக அதன் கதை முடிந்தது. பூட்ஸ் தேய்ந்த தடம், ஒட்டுப்படம் இருந்த இடத்தின் நிழல், ஓட்டியவர் கையால் துளைத்த துளை எல்லாம் அந்த மேல்பூச்சில்தான் இருக்கின்றன.

சுத்தம் செய்ய மென்மையான தூரிகையில் தொடங்குங்கள். பிறகு பருத்தித் துணியை நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, நடுநிலைச் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, முதலில் கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சதுர அங்குலம் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி மூன்றையும் அருகிலேயே வைக்க வேண்டாம். அந்தக் காலத்து லாக்கரையும் அச்சு மையையும் அவை ஒரு நொடியில் கரைத்துவிடும். தைப்பூசி துருப்பிடித்திருந்தால் பிடுங்காதீர்கள். பிடுங்கும்போது மரத்தாள் பிளக்கும், புதுத் தைப்பூசி பழைய துளையில் நிற்காது. சிறு பித்தளைத் தூரிகையால் உதிரும் துருவை மட்டும் எடுத்துவிட்டு, நுண்படிக மெழுகைப் பஞ்சு முனையில் தொட்டு ஒவ்வொன்றாகப் பூசுங்கள். எஃகுக் கம்பிளி வேண்டாம்; அதன் துகள் மரத்தில் தங்கிப் புதுத் துருப்புள்ளி போடும்.

அடுக்குகள் பிரிந்த பலகையை ஒட்டுவதில் அவசரம்தான் முதல் எதிரி. ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி, பிளவின் ஆழத்துக்குப் போகும் முன்பே கெட்டியாகிவிடும். ஈரத்தையும் அவ்வளவாகத் தாங்காது. மெதுவாக இறுகும் எபாக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். பிளவைக் காற்று ஊதிச் சுத்தம் செய்து, ஈரம் இருந்தால் அறையிலேயே ஒரு வாரம் உலரவிடுங்கள். ஹீட்டர் அருகே வைத்தால் வெளியடுக்கு மட்டும் உலர்ந்து சுருங்கிப் பிளவு பெரிதாகும். பலகையும் பசையும் 25 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் பசை நீர்த்து உள்ளே ஓடும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் அதைக் கடைசிவரை தள்ளுங்கள். மேலும் கீழும் மெழுகுத்தாள், அதற்கு மேல் பலகையின் வளைவுக்கேற்ப அறுத்த மரக்கட்டை, பத்து செ.மீ.க்கு ஒரு கிளாம்ப். பசை ஓரத்தில் மணிமணியாகக் கசிந்தால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் இருக்கும் பசையெல்லாம் வெளியே வந்து மூட்டு பட்டினி கிடக்கும். ஒரு நாள் முழுக்க அசைக்காதீர்கள்.

சுவரில் மாட்டி வைக்கப்போகும், மரம் மட்டுமே உள்ள பலகை என்றால் எபாக்ஸியைவிட, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசை நல்லது. வெந்நீரும் சூடும் காட்டினால் கழலும் என்பதால், நாளை இன்னொருவர் நம்மைவிட நன்றாகச் செய்ய வழி இருக்கும். பாலிஎதிலீன் அடிப்பரப்புக்கு இது உதவாது. அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணமாக எந்தப் பசையும் பிடிக்காது. தொழிற்சாலையில் அதன் உட்புறத்தை நெருப்புச் சுடரில் காட்டிய பிறகே ஒட்டுவார்கள். உட்புறத்தைச் சுரண்டிவிட்டால் அந்தப் பக்குவம் போய்விடும். ஆகவே அங்கே தேய்க்காமல், துடைத்துவிட்டு எபாக்ஸி மட்டும் விடுங்கள்.

மெழுகு பற்றி ஒரு எச்சரிக்கை. சூடான இஸ்திரிப்பெட்டியால் மெழுகு இழைப்பது பாலிஎதிலீன் அடிப்பரப்பு உள்ள பலகைக்கு மட்டும். அந்தப் பிளாஸ்டிக் 130 பாகை செல்சியஸை ஒட்டியே உருகத் தொடங்கும், மெழுகிலிருந்து புகை வந்தால் சூடு அதிகம் என்று பொருள். வெறும் லாக்கர் பூசிய மர அடியில் இஸ்திரிப்பெட்டி பட்டால் லாக்கர் கொப்பளிக்கும், கீழே உள்ள பசைக்கோடு இளகும். அதற்குக் குளிர்ந்த மெழுகைக் கையால் தேய்த்துக் கார்க்கால் மெருகிட்டால் போதும்.

கால்கட்டுகள்தான் முதலில் சாகும் பகுதி. இயற்கை ரப்பர் காற்றிலுள்ள ஓசோனால் வெடிக்கும், அதுவும் இழுபட்டிருக்கும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும். பட்டையைத் தளர்த்தி, உள்ளே பாலிஎதிலீன் நுரைத் துண்டை அதன் இயல்பான வடிவுக்கு வைத்து, இருட்டில் வையுங்கள். எண்ணெய் தடவினால் முதல் வாரம் பளபளக்கும். பிறகு ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும். முதுகுத் தகட்டின் உள்ளே உள்ள பாலியூரித்தேன் நுரை காற்றின் ஈரத்தாலேயே சிதையும். தொட்டால் ஒட்டும், பிறகு மாவாக உதிரும். அதைத் திருப்ப வழி இல்லை. உதிரும் நுரை பக்கத்திலுள்ள உலோகத்தை அரிக்கும், மேற்பரப்பில் கறை விடும் என்பதால், கால்கட்டைக் கழற்றிப் பலகையோடு ஒட்டாமல் தனிப் பெட்டியில் வைப்பதுதான் செய்யக்கூடியது. கழற்றுமுன் ஒவ்வொரு திருகாணியும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று படம் எடுத்துச் சிறு உறையில் எண் போட்டு வையுங்கள். மரத்தில் நேரடியாக இறங்கிய திருகாணி பழைய புரியிலேயே திரும்ப அமர வேண்டும். கையால் எதிர்த்திசையில் மெல்லச் சுழற்றி, புரி ‘டக்’கென்று விழும் இடத்தை உணர்ந்து பிறகு முன்னோக்கித் திருப்புங்கள். இல்லாவிட்டால் புதுப் புரி வெட்டி, மூன்றாவது முறையில் துளை தளர்ந்துவிடும்.

வைக்கும் இடம் வீட்டின் உள்ளறையாக இருக்கட்டும். பரணும் கார் நிறுத்துமிடமும் வேண்டாம். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், ஆண்டு முழுக்கப் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் மர அடுக்குகள் அமைதியாக இருக்கும். வாலை ஊன்றிச் சுவரில் சாய்த்து வைத்தால் சில ஆண்டுகளில் பலகை வளைந்து நிற்கும். நுனித் துளையில் ஆணி மாட்டித் தொங்கவிட்டால் துளையின் ஓரம் கிழியும். நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி இரு பக்கமும் அகலமான, மெத்தை வைத்த தாங்கிகள் கொடுத்துப் படுக்கையாக வையுங்கள்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்கச் சில அடையாளங்கள். ஸ்னர்ஃபரும் பேக்ஹில்லும் பின்னாளில் நினைவுப் பதிப்புகளாகவும் வந்திருக்கின்றன. அவற்றைப் பழசாக்கி விற்பவர்களும் உண்டு. உண்மையான தேய்மானம் ஒரே சீராக இராது. பின்காலின் இடமும் நுனித் துளையில் கயிறு உரசிய பக்கமும் அதிகம் தேய்ந்திருக்கும். திருகாணியைச் சுற்றி மரம் சற்றே கறுத்திருக்கும். புற ஊதா விளக்கில் காட்டினால் பின்னாளில் பூசிய பிசினும் பூச்சும் சுற்றியுள்ள பரப்பைவிட வேறு நிறத்தில் ஒளிரும். கயிறு மட்டும் புதிதாக இருந்தால் கவலைப்பட வேண்டாம், கயிறு வெயிலில் மட்கி அறுவது இயல்பு, ஓட்டியவர்களே பல முறை மாற்றியிருப்பார்கள். அறுந்த கயிற்றின் துண்டு முடிச்சோடு துளையில் மிச்சம் இருந்தால் அதை எடுக்காதீர்கள். ஓட்டியவர் கயிற்றை எப்படி முடிந்தார் என்பது அதில் தெரியும்.

டாம் சிம்ஸ் 2012இல் மறைந்தார். ஷெர்மன் பாப்பனும் ஜேக் பர்ட்டனும் 2019ஆம் ஆண்டு, நான்கு மாதத்துக்குள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். இனி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதியைப் பலகைகளிடம்தான் கேட்க வேண்டும். கையில் ஒன்று இருந்தால், அளவுகள், துளைகளின் தூரம், எடை, ஒடுக்கம், யாரிடமிருந்து எப்போது வந்தது, நீங்கள் எதைக் கழற்றினீர்கள், எந்தப் பசையை எங்கே விட்டீர்கள் என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி, நூலால் வால் பக்கம் கட்டி வையுங்கள். ஒட்டுநாடா வேண்டாம்.